கண்டவர் சொல்லும் கேட்டவர் தெளிவும்: இணைய மதிப்புரைகளை அளவை நெறியில் நோக்குதல்

முன்னுரை

கேரித் தீவு சிலாங்கூர் மாநிலத்தின் கோல லங்காட் மாவட்டத்தைச் சார்ந்தது. லங்காட் ஆறு அதனைப் பெருநிலத்திலிருந்து பிரிக்கிறது; பாலம் ஒன்று மீண்டும் இணைக்கிறது. எட்வர்ட் வேலண்டைன் கேரி என்னும் ஆங்கிலேய ரப்பர்த் தோட்டக்காரரின் பெயரைத் தாங்கிய இத்தீவில் இன்று செம்பனையே எங்கும் காட்சி தருகிறது. மா மேரி பழங்குடியினரும் தோட்டத் தமிழ்க் குடும்பங்களும் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் இடம் இது. முன்பெல்லாம் நல்ல துணியோ வீட்டுச் சாமானோ வேண்டுமாயின் பந்திங்கிற்கோ கிள்ளானுக்கோ பேருந்தேற வேண்டும். அன்றேல் சம்பள நாளை ஒட்டித் தோட்டத்திற்கு வரும் தவணைக்காரரிடம் வாங்க வேண்டும். இன்று கைப்பேசியில் விரல் வைத்தால் பொருள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறது.

இம்மாற்றத்தில் வசதி பெருகியது உண்மையே. ஆயினும் ஒன்று நழுவிப் போயிற்று. தோட்டக் கடையில் வாங்கிய அரிசியில் கல்லிருந்தால் மறுநாள் கடைக்காரரின் முகத்தைப் பார்த்துக் கேட்க முடிந்தது. ‘அந்தப் பானையை வாங்காதே, விரிசல் விடும்’ என்று சொன்ன பக்கத்து வீட்டு அக்காளை நமக்குத் தெரியும். இணையச் சந்தையில் அந்த அக்காளின் இடத்தில் பெயர் பாதி மறைக்கப்பட்ட ஆயிரம் பேர் நின்று ஐந்து நட்சத்திரம் இடுகின்றனர். அவர்தம் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா. மேலைநாட்டு ஆய்வுகள் இத்துறையில் பல உள. அவற்றைத் துணைக்கொண்டாலும், வினாவை நம் மரபின் அளவை நூல் வழியே அணுகுவது பொருந்தும் எனத் தோன்றுகிறது.

உரையளவையும் ஆப்தனும்

மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி பத்து அளவைகளை அடுக்கிக் கூறுகிறான். சிவஞான சித்தியார் அவையனைத்தையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடக்கும். பொருளைத் தொட்டுப் பார்த்து வாங்குவது காண்டல். விலையையும் நிறுவனத்தையும் கொண்டு தரத்தை ஊகிப்பது கருதல். பிறர் சொல் கேட்டு வாங்குவது உரை. இணைய வணிகத்தில் காண்டல் பொருள் வந்து சேர்ந்த பின்னரே நிகழ்கிறது. அதற்குள் பணம் போய்விடுகிறது. ஆகவே வாங்குபவர் பெரிதும் உரையையே சார்ந்து நிற்கிறார்.

எல்லார் சொல்லும் உரையளவை ஆகாது. ஆப்தன் சொல்லே ஆகும் என்பது நியாய நூலாரின் கொள்கை. நியாய சூத்திரத்திற்கு உரை கண்ட வாத்சியாயனர் ஆப்தனுக்குக் கூறும் இலக்கணம் இரண்டு கூறுகளாக அமைகிறது. அவன் பொருளைத் தானே நேரில் அறிந்தவனாயிருத்தல் வேண்டும். அறிந்தவாறே பிறர்க்கு உணர்த்தும் விருப்பத்தால் பேசுபவனாகவும் இருத்தல் வேண்டும். இவ்விலக்கணம் முனிவர்க்கும் மிலேச்சர்க்கும் ஒன்றே என்றும் அவர் சொல்கிறார். அதாவது, சொல்பவரின் குலமோ புகழோ அன்று, அறிவும் நோக்கமுமே சொல்லுக்கு வலிமை தருகின்றன. முகமறியாத மனிதரின் மதிப்புரையை ஆராய இதனினும் ஏற்ற அளவுகோல் கிடைத்தல் அரிது.

இதனோடு ஐதிகம் என்னும் அளவையையும் நினைவில் இருத்துதல் வேண்டும். இந்த மரத்தில் ஒரு தெய்வம் உறைகிறது என்று உலகோர் சொல்லக் கேட்டுத் தெளிவது ஐதிகம் என்கிறது மணிமேகலை. முதலில் சொன்னவர் யார் என்பது எவர்க்கும் தெரியாது; எல்லாரும் சொல்வதே சான்றாகி விடுகிறது. பன்னீராயிரம் பேரின் சராசரி 4.9 நட்சத்திரம் என்னும் எண்ணைக் கண்டு மயங்குவோர் உரையளவையில் நிற்கவில்லை, ஐதிகத்தில் நிற்கின்றனர். 2017இல் இலண்டனில் எழுத்தாளர் ஒருவர் தம் வீட்டுத் தோட்டக் கொட்டகையை உணவகம் என்று பதிந்து, நண்பர்களைக் கொண்டு மதிப்புரை எழுதுவித்தார். ஒரு வேளைச் சோறும் விற்காத அக்கொட்டகை டிரிப்அட்வைசர் தளத்தில் அந்நகரின் முதலிட உணவகமாக உயர்ந்தது.

கங்காணியின் நற்சான்று

கூலி பெற்றுச் சொல்லும் நற்சான்று இணையம் ஈன்ற குழந்தையன்று. மலாயாத் தமிழரின் வரலாறே அத்தகைய சொல்லொன்றில் தொடங்குகிறது எனலாம். தோட்ட நிருவாகம் தன் தொழிலாளருள் ஒருவரைக் கங்காணியாக அமர்த்தி, உரிமச் சீட்டும் வழிச்செலவும் கொடுத்து, அவருடைய சொந்த ஊருக்கே ஆள்சேர்க்க அனுப்பியது. அவர் கொண்டுவரும் ஒவ்வொருவருக்கும் தரகு உண்டு. பின்னர் அவர்தம் ஆட்கள் வேலைக்கு இறங்கும் நாள்தோறும் தலைக்காசும் உண்டு. இந்திய அரசு 1938ஆம் ஆண்டு சூனில் உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடை செய்யும்வரை பெருந்திரளான தமிழர் கடல் கடந்தமைக்கு இக்கங்காணிகளின் சொல் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. வந்தவர் கண்ட மலாயா வேறாயிருந்ததைத் தோட்டப்புற வாய்மொழிப் பாடல்கள் பதிந்துவைத்துள்ளன.

வாத்சியாயனரின் அளவுகோலை இங்கு வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். கங்காணி முதற்கூற்றில் முழுத் தகுதி பெறுகிறார். மலாயாவைக் கண்டவர் அவர், கேட்டவர் காணாதவர். போதாக்குறைக்கு அவர் உறவினர், ஊரார், முகமறிந்தவர். வழுக்கியது இரண்டாம் கூற்றில்தான். ஆகவே, ‘தெரிந்தவர் சொன்னால் நம்பலாம், தெரியாதவர் சொன்னால் கூடாது’ என்னும் எளிய விதி பயன்படாது. முன்பத்தியில் பக்கத்து வீட்டு அக்காளைப் புகழ்ந்ததையும் இவ்வளவிற் குறைத்துக்கொள்ள வேண்டும். அவர் பானைத் தரகரின் தங்கையாக இருந்தால் கதை வேறு.

கண்டவர்தாமா?

முதற்கூற்றை இணையச் சந்தைகள் ‘வாங்கியது உறுதி’ என்னும் முத்திரையால் காக்க முயல்கின்றன. பணம் கொடுத்து வாங்கியவரே எழுத முடியும் என்பது பொய்யின் விலையை உயர்த்துகிறது. மேஸ்லின், டோவர், செவாலியர் ஆகிய மூவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதனைக் காட்டுகிறது. எவரும் எழுதக்கூடிய டிரிப்அட்வைசர் தளத்தையும் தங்கியவர் மட்டுமே எழுதக்கூடிய எக்ஸ்பீடியா தளத்தையும் அவர்கள் ஒப்பிட்டனர். அருகில் தனி முதலாளியின் போட்டி விடுதி இருக்கும் விடுதிக்கு முதல் தளத்தில் பழிப்புரைகள் மிகுந்து காணப்பட்டன.

ஆனால் முத்திரையும் போலியாகக் கூடியதே. விற்பனையாளர் முன்பின் அறியாத முகவரிகளுக்கு அற்பப் பொருள்களை அனுப்பி, கொள்முதல் நடந்ததாகக் கணக்குக் காட்டி, அவர்கள் பெயரில் தாமே எழுதிக்கொள்வதுண்டு. ஹீ, ஹாலன்பெக், புரோசர்பியோ ஆகியோரின் 2022ஆம் ஆண்டு ஆய்வு வேறொரு வழியைப் படம்பிடிக்கிறது. முகநூல் குழுக்களில் ஆள் சேர்த்து, பொருளை வாங்கச் செய்து, ஐந்து நட்சத்திரம் எழுதிய பின் பணத்தைத் திருப்பித் தரும் சந்தை அது. மதிப்பீடு உயர்கிறது, ஆள்சேர்ப்பு நின்றபின் ஒற்றை நட்சத்திரங்கள் பெருகி மதிப்பீடு சரிகிறது. எனவே மொத்தச் சராசரியை விட்டு, அண்மைய மாதங்களின் உரைகளைத் தனியே படிப்பது நன்று.

இன்னொன்று, ஒரு பொருளின் உரைகளை வேறொரு பொருளின் மேல் ஏற்றுதல். இக்கட்டுரையாளர் மின்கேத்தல் ஒன்றை வாங்கியபின் பழைய உரைகளைப் பொறுமையாகப் புரட்டியபோது, அவற்றுட் பல கைப்பேசி உறையைப் புகழ்ந்துகொண்டிருந்தன. கேத்தல் மூன்று வாரத்தில் ஓய்ந்தது. படிக்க வேண்டியதை வாங்குமுன் படிக்காத குற்றம் நம்முடையதே.

பொய்யில்லாத பயனின்மையும் உண்டு. ‘பொருள் கிடைத்தது, அனுப்பீடு விரைவு, இன்னும் பயன்படுத்திப் பார்க்கவில்லை’ என்று எழுதி ஐந்து நட்சத்திரம் இடுவது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. உரை எழுதினால் சில தளங்கள் புள்ளிகள் தருகின்றன. படம் சேர்த்தால் கூடுதல். இவர்கள் கண்டது பொட்டலத்தை. இவர்களின் சாட்சி அஞ்சற்காரருக்கே உரியது.

மொழியைக் கொண்டு பொய்யைக் காணலாமா?

தமிழாசிரியர்க்கு இப்பகுதி ஆர்வமூட்டும். 2011இல் ஓட், சோய், கார்டி, ஹான்காக் ஆகிய நால்வர் சிகாகோ நகரின் 20 விடுதிகளைப் பற்றிய 400 உண்மை உரைகளையும், கூலி கொடுத்து எழுதுவித்த 400 பொய்யுரைகளையும் சேர்த்துச் சோதித்தனர். அவற்றின் ஒரு பகுதியைப் படித்துத் தீர்ப்பளித்த மூவருள் எவரும் 62 விழுக்காட்டைத் தாண்டவில்லை; நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதினும் சற்றே மேல். கணினியோ ஏறத்தாழ 90 விழுக்காடு சரியாகப் பிரித்தது. உண்மை உரைகள் குளியலறை, அறையின் அளவு, இருப்பிடம் எனப் பருப்பொருள்களைப் பற்றி நின்றன. பொய்யுரைகள் கணவர், விடுமுறை, பயணக் காரணம் எனப் புறத்தே சுற்றின. ‘நான்’ என்பதும் மிகையடைகளும் அவற்றில் மிகுந்திருந்தன.

இம்முடிவை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர இயலாது. தமிழில் எழுவாய் தோன்றாமலே நிற்கும்; ‘வாங்கினேன்’ என்னும் வினைமுற்றின் ஈறே தன்மை ஒருமையைக் காட்டிவிடும். ஆகவே ‘நான்’ என்னும் சொல்லை எண்ணிப் பயனில்லை. விகுதியை எண்ண வேண்டும். ‘நான்’ வெளிப்பட நின்றால் அது அழுத்தத்தின் குறி. மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றும் ஒரே வரியில் கலந்து வரும் மலேசிய மதிப்புரைகளுக்குத் தனி ஆய்வே தேவை. பட்ட மேற்படிப்பு மாணவர் எவரேனும் எடுத்துச் செய்யத்தக்க பொருள் இது.

மேலும், மொழிக்குறியிலிருந்து பொய்யை அறிவது கருதலளவையாகும். புகையிலிருந்து நெருப்பைக் கருதுவதற்கு, புகையுள்ள இடமெல்லாம் நெருப்புண்டு என்னும் தொடர்பு உறுதியாக இருத்தல் வேண்டும். 2022ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வெளியானதற்குப் பின், பிழையற்ற நடையில், குளியலறையும் சன்னலும் குறிப்பிட்டு, அளவாகக் குறையும் சொல்லும் உரையை எந்திரமே நொடியில் எழுதித் தருகிறது. நெருப்பின்றிப் புகையை உண்டாக்கும் கருவி கைக்கு வந்துவிட்டது. ஆகவே நடையழகு பற்றிய சோதனையைவிட, எழுதியவர் வேறு எவற்றுக்கு எழுதியுள்ளார், எத்தனை நாள் பயன்படுத்தினார், எடுத்த படம் தம் வீட்டிலா என்னும் சோதனைகளே இன்று ஓரளவு நிற்கின்றன.

மௌனத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். மிக மகிழ்ந்தோரும் மிகச் சினந்தோரும் எழுதுவர். ‘பரவாயில்லை’ என்போர் எழுதுவதில்லை. ஹூ, பாவ்லூ, சாங் ஆகியோர் 2009இல் சுட்டிய இவ்வியல்பினால், உரைகள் ஐந்திலும் ஒன்றிலும் குவிந்து நடுவே மெலிகின்றன. மூன்று நட்சத்திர உரைகளே பெரும்பாலும் நிதானமாக எழுதப்பட்டவை என்பது இக்கட்டுரையாளரின் பட்டறிவு.

உண்மை சொல்லியும் தவறாதல்

இதுவரை கண்டவை பணநட்டத்தோடு முடிபவை. மருந்துப் பொருள்களில் நிலைமை வேறு. கேத்தல் சுடுகிறதா என்பதைப் பயன்படுத்தியவர் அறிவார். சில பொருள்களின் தரத்தைப் பயன்படுத்திய பின்னும் பயனர் அறிய இயலாது. டார்பி, கார்னி என்னும் பொருளியலாளர் 1973இல் இவ்வகையைத் தனியே பிரித்துக் காட்டினர். மூட்டுவலிக்கும் நீரிழிவுக்கும் விற்கப்படும் மூலிகைத் தூளும் லேகியமும் இவ்வகையின.

‘இரண்டே நாளில் முழங்கால் வலி பறந்தது’ என்று ஒரு மூதாட்டியின் மகள் எழுதுகிறார் எனக் கொள்வோம். அவர் கண்டவர், கூலி பெறாதவர், கண்டவாறே சொல்கிறார். வாத்சியாயனரின் இரு கூறுகளும் நிறைகின்றன போலும். ஆனால் மலேசியாவில் இத்தகைய பொருள்கள் சிலவற்றில் அறிவிக்கப்படாத டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருப்பதைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை மீண்டும் மீண்டும் கண்டறிந்து அறிவித்துள்ளது. அம்மருந்து வலியை விரைந்து அடக்கும். நெடுநாள் உட்கொண்டால் இரத்தச் சர்க்கரையை ஏற்றும், எலும்பை மெலிவிக்கும், உடலின் இயற்கைச் சுரப்பை ஒடுக்கும். ஆக, அந்த உரை எவ்வளவு உண்மையோ அவ்வளவுக்கு அது கலப்படத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம். மகள் அறிந்தது வலி நீங்கியதை மட்டுமே. தூளில் உள்ளதை அவர் அறியார். முதற்கூறு நிறைந்ததாகத் தோன்றியது மயக்கமே.

நீரிழிவு மிகுந்த நம் குடும்பங்களில் இவ்வகை நற்சான்றுகள் வாட்ஸ்அப் வழியே உறவினர் பெயரோடு பரவுகின்றன. இங்கு எத்தனை நட்சத்திரம் என்பது வினாவே ஆகாது. பதிவுபெற்ற மருந்துப் பொருளுக்கும் மரபு மருந்துக்கும் ‘எம்.ஏ.எல்.’ எனத் தொடங்கும் எண்ணும் பாதுகாப்பு ஒட்டுவில்லையும் உண்டு. அவ்வெண்ணை முகமையின் இணையப்பக்கத்தில் இட்டு, பொருளின் பெயரும் உற்பத்தியாளர் பெயரும் ஒத்துவருகின்றனவா எனப் பார்க்க வேண்டும். எண் அச்சிடப்பட்டிருப்பது மட்டும் போதாது; வேறு பொருளின் எண்ணைத் திருடி ஒட்டுவதும் உண்டு. ஏற்கெனவே உண்டுவருபவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. தூளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்வதே முறை.

சட்டத்தின் கை

அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையத்தின் போலி மதிப்புரைத் தடை விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022இல் இணைய மதிப்புரைகளுக்கென ஐ.எஸ். 19000 என்னும் தரத்தை வகுத்தது. நம் நாட்டில் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொய்யான, திசைதிருப்பும் விற்பனைக் கூற்றுகளைத் தடுக்கிறது. அச்சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் 50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கோரலாம்; பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் விற்பனையாளர் விளம்பரப் பக்கத்தை நீக்கிவிட்டால் காட்டுவதற்கு ஒன்றுமிராது. ஆதலால் பணம் செலுத்தும் அன்றே அப்பக்கத்தையும், அவர் தந்த வாக்குறுதியையும், தம்மை வாங்கத் தூண்டிய உரைகளையும் கைப்பேசியில் படமாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.