உபரி இராணுவ லாரிகளில் மின்னேற்றக் கோளாறுகள்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, பாலோடு, குளத்தூப்புழை வழியாகத் தென்மலைக்குச் செல்லும் சாலை, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரக் காடுகளைத் தொட்டுச் செல்கிறது. கேரளத்தின் இத்தகைய காட்டுப் பகுதிகளில் வெட்டிய மரத்தைச் சாலைக்குக் கொணரும் வேலையில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பல பத்தாண்டுகள் யானைகளுக்குத் துணை நின்றவை பட்டாள லாரிகளாகும். முன் சக்கரங்களுக்கும் இயக்கம் செல்லும் அமைப்பு, உறுதியான சட்டம், குறைந்த விலை ஆகிய மூன்றும் அவற்றுக்கு மதிப்பைத் தந்தன.

ஆயினும் வாங்கும் விலை செலவின் ஒரு பகுதியே ஆகும். லாரி ஓடாமல் நிற்கும் ஒவ்வொரு நாளும் கடன் வட்டி ஏறுகிறது. ஓட்டுநர், கிளீனர் ஆகியோரின் கூலியும் நிற்பதில்லை. உபரி லாரிகளை இவ்வாறு நிறுத்திவைக்கும் குறைகளில் மின்னமைப்பைச் சார்ந்தவை முக்கியமானவை. பாட்டரியும் டைனமோவும் தேவையின்றி மாற்றப்படுவதும், புதியவை பொருத்திய சில வாரங்களில் பழைய குறையே திரும்புவதும் பட்டறைகளில் வழக்கமான காட்சி. சிறு உரிமையாளரின் நடைமுறை முதல் இவ்வாறு வீணாவதைத் தடுக்க ஒரு வோல்ட் மீட்டரும், ஒரு ஹைட்ரோமீட்டரும், வரிசை தவறாத சோதனையும் போதும்.

உபரி வாகனங்கள் வந்த வழி

போர்க் காலத்தில் கனடா மட்டும் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட இராணுவ வாகனங்களைத் தயாரித்தது. செவ்ரோலே, ஃபோர்டு நிறுவனங்கள் அங்கு ஒரே மாதிரி வரைவின்படி செய்த லாரிகள் பிரிட்டிஷ் பேரரசின் படைகளோடு இந்தியாவுக்கும் வந்தன. பர்மா முனைக்காக அமெரிக்கப் படைகள் கொண்டுவந்த ஜி.எம்.சி., டாட்ஜ் வண்டிகளும் பெருந்தொகை. 1946 மே 16-இல் இந்தியாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட உடன்பாடு, கடன்-குத்தகைக் கணக்குகளோடு உபரிப் போர்ப் பொருள்களின் கணக்கையும் தீர்த்தது. புதிய லாரி கிடைப்பது அரிதாயிருந்த அந்நாளில் இவ்வாகனங்கள் நாட்டின் போக்குவரத்து முதலீட்டில் சேர்ந்தன. அடுத்த அலை உள்நாட்டுத் தயாரிப்பைச் சார்ந்தது. ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவன உரிமத்தின் கீழ் 1959 முதல் ஜபல்பூரில் செய்யப்பட்ட ஷக்திமான் லாரிகள் படைப் பணி முடிந்தபின் ஏலத்துக்கு வந்தன. இன்று அரசுத் துறைகளின் கழிவு வாகனங்கள் பெரும்பாலும் மின்னணு ஏலம் வழியே விற்கப்படுகின்றன. 1964-இல் தொடங்கப்பட்ட எம்.எஸ்.டி.சி. நிறுவனம் இப்பணியைச் செய்வதாகும்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கருதுதல் தகும். திருவிதாங்கூர் அரசு 1938 பிப்ரவரி 20-இல் தன் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கியபோது, இலண்டன் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய ஈ.ஜி. சால்ட்டர் அதன் கண்காணிப்பாளரானார். இங்கிலாந்திலிருந்து தருவித்த சேஸிஸ்களுக்குத் துறையின் தொழிலாளரே கூடு கட்டினர். ஒரே வகை வண்டிகளும் சொந்தப் பட்டறையும் இருந்தால் உதிரி பாகங்களும் பயிற்சியும் ஒன்றாகவே அமையும். உபரி வாகனம் வாங்குவோருக்கு இவ்வசதி இல்லை. ஒரே கொட்டகையில் 6, 12, 24 வோல்ட் வண்டிகள் அருகருகே நிற்கக்கூடும். வயரிங் வரைபடமும் வண்டியோடு வருவது அபூர்வம்.

வோல்ட் அளவின் விளைவு

போர்க்கால அமெரிக்க, கனடிய லாரிகளில் பெரும்பாலானவை 6 வோல்ட் அமைப்பு உடையவை. 1950-க்குப் பின் அமெரிக்காவும் நேட்டோ நாடுகளும் தம் போர் வாகனங்களுக்கு 24 வோல்ட் அமைப்பை ஏற்றன. இவ்வேறுபாட்டின் பொருளைச் சிறு கணக்கு விளக்கும். 60 வாட் ஆற்றலை அளிக்க 24 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் மின்னோட்டம் போதும்; 12 வோல்ட்டில் 5 ஆம்பியரும், 6 வோல்ட்டில் 10 ஆம்பியரும் வேண்டும். கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே ஒரே கம்பியில் 24 வோல்ட்டில் நேரும் இழப்பைப் போல் 16 மடங்கு 6 வோல்ட்டில் நேரும். புதுக் காரில் பொருட்படுத்த வேண்டாத சிறு துரு, 6 வோல்ட் லாரியில் செல்ஃப் மோட்டாரைத் திரும்பவிடாமல் செய்துவிடும்.

திருவனந்தபுரத்தில் இத்துருவுக்குப் பஞ்சமில்லை. ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, ஆண்டு முழுதும் உப்பேறிய கடற்காற்று என மூன்றும் சேர்ந்து இணைப்புகளைத் தின்கின்றன. பழைய லாரிகளின் வயர்கள் பருத்தி நூல் பின்னிய உறை உடையவை. ஈரத்தில் அவ்வுறை இற்றுப்போகிறது. இராணுவ வண்டிகளுக்கே உரிய மற்றொரு குறையும் உண்டு. கிடங்கில் நிறுத்துமுன் பலமுறை பெயிண்ட் அடிக்கப்படுவதால் எர்த் கம்பி பதியும் இடமும் பெயிண்டால் மூடப்படுகிறது. மின்னோட்டம் திரும்பும் பாதை அங்கே அடைபடுகிறது. பார்வைக்குப் புதிதுபோல் இருக்கும் வண்டியில் இக்குறை ஒருவர் கண்ணிலும் படுவதில்லை!

ஆகவே சோதனை பாட்டரியில் தொடங்கி எர்த்துக்குச் செல்லவேண்டும். டைனமோ அதற்குப் பின்னரே. முழு மின்னேற்றம் பெற்ற பாட்டரியின் அமிலம் குளிர் நாடுகளில் சுமார் 1.280 ஒப்படர்த்தி காட்டும். வெப்ப நாடுகளுக்கென நிரப்பிய பாட்டரியில் 1.240 அளவே இயல்பு. ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட மிகத் தாழ்ந்திருப்பின் பாட்டரியே பழுது. எல்லாச் செல்களும் ஒருசேரத் தாழ்ந்திருப்பின் மின்னேற்றம் போதவில்லை எனக் கொள்ளலாம். அடுத்து, வோல்ட் மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் முனையிலும் மறு முனையை எஞ்சின் உடலிலும் வைத்து செல்ஃப் போடவேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் தடை உள்ளது. கம்பியைக் கழற்றி, உலோகம் பளிச்சிடும்வரை சுரண்டி, இறுக்கி, கிரீஸ் தடவினால் போதும். இதற்கு ஆகும் செலவு உப்புத்தாளின் விலை!

டைனமோவா, ரெகுலேட்டரா?

பாட்டரியும் எர்த்தும் சரியாயிருந்தும் அம்மீட்டர் மின்னேற்றம் காட்டவில்லையெனில், ஃபான் பெல்ட், கார்பன் பிரஷ், கம்யூட்டேட்டர் ஆகியவற்றை முதலில் பார்க்கவேண்டும். இவற்றில் குறையில்லை எனின் டைனமோவையும் ரெகுலேட்டரையும் பிரித்தறிய எளிய சோதனை உண்டு. இங்கேதான் கவனம் மிக வேண்டும். போர்க்கால அமெரிக்க லாரிகளில் பெரும்பாலானவற்றில் ஃபீல்டு சுருள் ரெகுலேட்டர் வழியே எர்த்தை அடைகிறது. எஞ்சின் மிதமாக ஓடுகையில் டைனமோவின் ‘எஃப்’ முனையை ஒரு நொடி எர்த் செய்தால் அம்மீட்டர் முள் உயரவேண்டும். உயர்ந்தால் டைனமோ நல்லது, குறை ரெகுலேட்டரிலோ அதன் வயரிலோ உள்ளது. லூகாஸ் வகையிலோ ஃபீல்டு சுருள் டைனமோவுக்குள்ளேயே எர்த் ஆகியிருக்கும். அங்கே இரு வயர்களையும் கழற்றி, ‘டி’, ‘எஃப்’ முனைகளை இணைத்து, எர்த்துக்கும் அவற்றுக்கும் இடையே வோல்ட் அளக்கவேண்டும். ஒரு வகையின் சோதனையை மற்றதில் செய்வது தவறான முடிவைத் தரும். சில வேளை ரெகுலேட்டரையும் எரித்துவிடும். ஆல்டர்னேட்டர் பொருத்திய வண்டியில் இவ்விரண்டையுமே செய்யலாகாது.

பல ஆண்டுகள் நின்ற வண்டியில் டைனமோவின் எஞ்சிய காந்தம் மறைந்திருக்கலாம். காந்தமின்றி மின்சாரம் பிறக்காது. அமெரிக்க வகையில் எஞ்சின் நின்றிருக்கையில் ரெகுலேட்டரின் பாட்டரி முனையையும் ஆர்மெச்சூர் முனையையும் ஒரு கணம் தொடுத்தால் காந்தம் மீளும். இது தெரியாமல் நல்ல டைனமோக்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கின்றன. கட்-அவுட்டின் தொடுமுனைகள் ஒட்டிக்கொள்வது இதைவிட அபாயமானது. எஞ்சின் நின்றபின்னும் பாட்டரியின் மின்னோட்டம் டைனமோ வழியே பாய்ந்து வயரைச் சுட்டெரிக்கும். எஞ்சினை நிறுத்தியதும் அம்மீட்டர் பெரும் இறக்கம் காட்டினால் பாட்டரியின் எர்த் கம்பியை உடனே கழற்றவேண்டும்.

24 வோல்ட்டில் 12 வோல்ட் விளக்கு

பிந்தைய இராணுவ லாரிகளில் மிகுதியாகக் கெடுதல் விளைப்பது உரிமையாளரின் சொந்தத் திருத்தமே. இரு 12 வோல்ட் பாட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. கடையில் எளிதில் கிடைப்பவை 12 வோல்ட் ஹார்ன்களும், பாட்டுப் பெட்டிகளும், வண்ண விளக்குகளும். (கேரளத்து லாரிகளின் இரவுக் கோலம் திருவிழாத் தேருக்குச் சளைத்ததன்று.) எனவே ஒரு பாட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுக்கப்படுகிறது.

அதிலிருந்து 4 ஆம்பியர் வீதம் 5 மணி நேரம் எடுத்தால், அந்தப் பாட்டரி மற்றதைவிட 20 ஆம்பியர்-மணி குறைந்துவிடும். மின்னேற்றும்போது இரண்டின் வழியாகவும் ஒரே மின்னோட்டமே பாய்கிறது. ரெகுலேட்டருக்குத் தெரிவது மொத்த வோல்ட் மட்டும். 28 வோல்ட்டில் குறைந்த பாட்டரி 13-இல் நின்றால், மற்றது 15-ஐத் தாங்கவேண்டும். அதன் நீர் கொதித்து வற்றுகிறது. முதலாவதன் தகடுகளில் சல்பேட் படிகிறது. மெக்கானிக் ரெகுலேட்டர் மிகையாக மின்னேற்றுவதாக எண்ணி அதன் அளவைக் குறைக்கிறார். அதனால் குறைந்த பாட்டரி இன்னும் பட்டினி கிடக்கிறது. ஒரே ஆண்டில் இரு பாட்டரிகளும் ஒரு ரெகுலேட்டரும் போய்விடும். 24 வோல்ட் பல்புகளைப் போடுவதோ, 24-ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் ஒன்றைப் பொருத்துவதோ இதற்குத் தீர்வாகும். இரண்டும் ஒரு பாட்டரியின் விலையை எட்டமாட்டா.

வானொலி பொருத்தப்பட்டிருந்த வண்டிகளில் இரைச்சலைத் தடுக்க வைத்த கண்டென்சர்கள் கசிந்து, பாட்டரியை இரவோடிரவாக இறக்குவதும் உண்டு. எல்லா ஸ்விட்சுகளையும் அணைத்து, எர்த் கம்பியின் இடையே அம்மீட்டரை இணைத்துப் பார்த்தால் கசிவு தெரியும். பிறகு ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றி இடத்தைக் கண்டறியலாம். இருட்டடிப்பு விளக்குகளுக்கான சிக்கலான ஸ்விட்சைத் தாண்டி நேரே வயர் இழுப்பது வழக்கமாகிவிட்டது. அதில் ஃபியூஸ் இல்லாவிடில், கசிவைத் தேடும் வேலை தீயை அணைக்கும் வேலையாக முடியலாம்.

கைத்தொழிலாளர் பயிற்சித் திட்டம் 1950-இல் தொடங்கியது முதல் ஐ.டி.ஐ.கள் மோட்டார் மெக்கானிக்குகளைப் பயிற்றி வருகின்றன. பழைய டைனமோவின் வழிகளை அறிந்தவர்களோ பெரும்பாலும் இராணுவத்தின் மின், இயந்திரப் பொறியியல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். அவர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் சுருங்குகிறது. எனவே லாரியைப் பிரித்துச் சரிசெய்யும் முதல் வாய்ப்பிலேயே வயர்களின் நிறம், எண் தகடு, போகும் இடம் ஆகியவற்றைக் குறித்து வரைபடம் ஒன்றை ஆக்கி, பாட்டரி அளவுகளின் தேதிவாரிக் குறிப்போடு ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் வைத்தல் நன்று. குளத்தூப்புழைக் காட்டில் மழையிரவில் நின்றுவிடும் வண்டிக்கு உதவ வருபவர், அதை முன்பின் பாராதவராகவே இருப்பார்.