தில்லி வெயிலுக்குத் தாங்குமா சாலையோரப் பசுமை?

புதுதில்லி: கடந்த 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 9, 10 தேதிகளில் ஜி-20 நாடுகளின் உச்சி மாநாடு தலைநகரில் நடைபெற்றபோது, விமான நிலையத்திலிருந்து மாநாட்டு அரங்கம் வரையிலான சாலைகள் பூந்தோட்டங்களாகவே மாறியிருந்தன. நடைபாதை ஓரங்களிலும் மேம்பாலங்களின் அடியிலும் லட்சக்கணக்கான தொட்டிச் செடிகள் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டன. விருந்தினர்கள் விடைபெற்றுச் சென்ற பிறகு அவற்றில் கணிசமானவை நீரின்றி வாடின. சில இடங்களில் தொட்டிகளே காணாமற்போயின.

அதே சாலைகளின் மையத் தடுப்புகளில், யாரும் படம் பிடிக்காத அரளிச் செடிகளும் காகிதப்பூச் செடிகளும் மாநாட்டுக்கு முன்பும் பூத்தன, பின்பும் பூத்தன. விழாவுக்கு வந்த செடிக்கும் வீதியில் வாழும் செடிக்கும் உள்ள வேறுபாடு இதுதான். நகரச் சாலையோரங்களில் எதை நடுவது என்பது அழகு சார்ந்த கேள்வியாக மட்டுமே பல காலம் கருதப்பட்டு வந்தது. தூசி, தண்ணீர்ப் பற்றாக்குறை, பொதுப்பணம் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்து அதை இப்போது நிர்வாகத்தின் கேள்வியாக மாற்றியுள்ளன.

வாட்டும் வெயில், நடுக்கும் குளிர்

தில்லியின் தட்பவெப்பம் தாவரங்களுக்கு எளிதானதன்று. நகரின் முதன்மை வானிலை நிலையமான சப்தர்ஜங்கில் 2021 ஜனவரி 1-ஆம் தேதி 1.1 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. அதே நிலையத்தில் 2024 மே 29-ஆம் தேதி பதிவான வெப்பம் 46.8 டிகிரி. இந்த இரு எல்லைகளையும் ஒரே செடி தாங்கியாக வேண்டும். சென்னையிலோ மதுரையிலோ தழைக்கும் பல செடிகள் தில்லியின் ஜனவரியில் கருகிப் போவதற்கும், சிம்லாவில் செழிக்கும் செடிகள் தில்லியின் மே மாதத்தைக் காணாமலே மடிவதற்கும் காரணம் இதுவே.

மழையும் சீராகப் பெய்வதில்லை. ஆண்டு மழையில் முக்கால் பங்குக்கும் மேல் தென்மேற்குப் பருவத்தின் சில மாதங்களிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. அக்டோபர் முதல் ஜூன் நடுப்பகுதி வரை அவ்வப்போது பெய்யும் சிறுமழையைத் தவிர வானத்தை நம்ப இயலாது.

இவற்றோடு சாலைக்கே உரிய துன்பங்களும் உண்டு. மையத் தடுப்பில் இருப்பது பெரும்பாலும் மண் அன்று. சாலைப் பணியில் எஞ்சிய ஜல்லி, சிமென்ட், செங்கல் இடிபாடுகள் கலந்த நிரவல். இறுகிப்போன அந்த நிரவலில் வேர்களுக்குக் காற்று கிடைப்பதில்லை. தார்ச்சாலையும் சிமென்ட் விளிம்புகளும் பகல் முழுதும் உறிஞ்சிய வெப்பத்தை இரவில் வெளியிடுகின்றன. நிலத்தடி நீர் பல பகுதிகளில் உவர்ப்பானது. குடிநீரைச் செடிகளுக்கு ஊற்ற முடியாத நிலையில், சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரே லாரிகளில் வருகிறது. அதிலுள்ள உப்பையும் செடி தாங்க வேண்டும்.

மரம் இருக்கப் புதர் எதற்கு?

புதுதில்லி நகரம் 1931-இல் திறந்து வைக்கப்பட்டபோது அதன் பெருமையாக விளங்கியவை நிழல்தரும் சாலைகள். கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸும் தோட்டக்கலை அதிகாரி டபிள்யூ.ஆர். மஸ்டோவும் வேம்பு, நாவல், புளி, நீர்மருது போன்ற மரங்களைத் தேர்ந்தெடுத்துச் சாலைக்கொரு மரமென வரிசையாக நட்டனர். அகன்ற புல்வெளி ஓரங்கள் இருந்த காலம் அது. இன்றைய விரிவாக்கப்பட்ட சாலைகளில் அத்தகைய இடம் இல்லை. மேலே மின்கம்பி, மெட்ரோ பாலம். கீழே குடிநீர்க் குழாய், தொலைபேசி வடம். ஒன்று அல்லது ஒன்றரை மீட்டர் அகலமே கொண்ட மையத் தடுப்பில் பெருமரம் வைத்தால், அது புயற்காற்றில் சாலையின் மீதே சாயும் ஆபத்துண்டு.

அவ்விடத்துக்கு ஏற்றவை புதர்ச் செடிகளும் ஆண்டுக்கணக்கில் வாழும் பூண்டுச் செடிகளும்தான். எதிரே வரும் வாகனங்களின் முகப்பு விளக்கு ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்யாமல் தடுப்பது அவற்றின் முதற்பணி. இதற்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரம் போதும். அதற்கு மேல் வளர்ந்தால் சாலையைக் கடப்போரையும் திரும்பும் வாகனங்களையும் மறைத்து விபத்துக்கு வழிவகுக்கும். சந்திப்புகளின் அருகே முழங்கால் உயரத்துக்கு மேற்படாத செடிகளே இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

இரண்டாவது பணி தூசியைத் தடுப்பது. தில்லியின் காற்று மாசு குறித்து கான்பூர் ஐ.ஐ.டி. 2016-இல் அளித்த அறிக்கை, நகரில் வெளியாகும் பிஎம்-10 எனப்படும் துகள்களில் 56 சதவீதமும், அதைவிட நுண்ணிய பிஎம்-2.5 துகள்களில் 38 சதவீதமும் சாலைத் தூசியிலிருந்து எழுபவை எனக் கணக்கிட்டது. சக்கரங்கள் கிளப்பும் புழுதி முதலில் மோதுவது தரையோரம் உள்ள இலைகளின் மீதுதான். சொரசொரப்பான, மயிரடர்ந்த, நெருக்கமான இலைகள் தூசியை அதிகம் பிடித்து வைக்கின்றன. வெற்று மண்ணை மூடிப் படரும் செடிகளோ, தூசி எழுவதையே தடுக்கின்றன.

தேர்வில் தேறியவை

இத்தனை சோதனைகளிலும் தேறியவை சிலவே. அவற்றுள் முதலிடம் இந்தியில் 'கனேர்' எனப்படும் அரளிக்கு. தடித்த, மெழுகு பூசியதுபோன்ற இலைகள் நீரிழப்பைக் குறைக்கின்றன. வெயில், உவர்நீர், புகை ஆகிய மூன்றையும் தாங்கும். அதன் நச்சுப்பால் காரணமாக, தில்லிச் சாலைகளில் திரியும் மாடுகள் அதை நெருங்குவதில்லை. எனவே வேலி தேவையில்லை.

ஆனால் அந்த நச்சே அதன் குறையும் ஆகும். செடியின் எல்லாப் பாகங்களும் நஞ்சு. அரளிப்பூவையோ இலையையோ தின்றதால் உயிரிழப்பு நேர்ந்ததாக ஐயம் எழுந்ததையடுத்து, கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம் 2024 மே மாதம் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைத் தவிர்க்க முடிவு செய்தது. நெடுஞ்சாலையின் நடுவே பொருந்தும் செடி, பள்ளிக்கூட வாசலுக்கும் குழந்தைகள் பூங்காவுக்கும் பொருந்தாது என்பதே இதிலுள்ள பாடம்.

அடுத்தது காகிதப்பூ எனப்படும் போகன்வில்லா. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இச்செடியில் நாம் பூவென்று காண்பது வண்ணம் பூண்ட பூவடிச் செதில்களே. தண்ணீர் குறைந்தால் வாடுவதற்குப் பதிலாக அதிகம் பூப்பது இதன் தனிச்சிறப்பு. வேரில் நீர் தேங்குவதுதான் இதற்குப் பகை. இச்செடிக்கும் தில்லிக்கும் நெடுநாள் உறவுண்டு. உலகெங்கும் உருவாக்கப்படும் போகன்வில்லா ரகங்களைப் பதிவு செய்யும் சர்வதேச ஆணையமாகத் தில்லி பூசா வளாகத்திலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் செயல்பட்டு வருகிறது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநரான பி.பி. பால், கோதுமை ஆய்வுக்கிடையே ரோஜாவிலும் போகன்வில்லாவிலும் புதிய ரகங்களை உருவாக்கியவர்.

நந்தியாவட்டை, கறிவேப்பிலையின் உறவான 'காமினி', வேலிக்குப் பயன்படும் சங்கங்குப்பி, மருதாணி, தேன்சிட்டுகளை ஈர்க்கும் ஹமீலியா ஆகியவையும் தில்லிச் சாலைகளில் நிலைபெற்றவை. பூண்டுகளில் முதலிடம் நித்தியகல்யாணிக்கு. இந்தியில் இதன் பெயர் 'சதாபஹார்'. எப்போதும் வசந்தம் என்று பொருள். இரு மொழியினரும் ஓயாமல் பூக்கும் அதன் குணத்தைக் கண்டே பெயரிட்டுள்ளனர். கற்றாழை இனங்கள், மழை பெய்ததும் பூக்கும் மழை அல்லி ஆகியவையும் குறைந்த பராமரிப்பில் வாழ்பவை.

இதற்கு நேர் எதிரானது டுலிப் மலர். ஆண்டுதோறும் பிப்ரவரியில் சாந்திபத் சாலையில் மக்களை ஈர்க்கும் இம்மலர்களுக்கான கிழங்குகள் நெதர்லாந்திலிருந்து இறக்குமதியாயின. மலர்ச்சி சில வாரங்களே. தில்லியின் கோடையில் கிழங்கு மீண்டும் பூக்கும் திறனை இழக்கிறது. கண்ணுக்கு விருந்தாக ஓரிரு இடங்களில் இருப்பதில் தவறில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சாலைக்கு அது வழியாகாது.

வரம்பு மீறும் வலிமை

எதையும் தாங்கும் செடியே நல்ல செடி என்று முடிவு செய்வதிலும் ஆபத்து உள்ளது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாகக் கொல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி, இன்று நாட்டின் புலி வாழிடங்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்ட பரப்பைப் பாதித்துள்ளதாக 2020-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. பிரிட்டிஷார் காலத்தில் தில்லியின் அரவல்லித் தொடர்க் குன்றுகளில் விதைக்கப்பட்ட 'விலாயதி கீகர்', தமிழகம் நன்கறிந்த சீமைக் கருவேலமேதான். உள்ளூர்த் தாவரங்களை ஒடுக்கிவிட்ட அதனை அகற்றுவது இன்று தனித் திட்டமாகியுள்ளது.

அண்மைய எடுத்துக்காட்டு கோனோகார்பஸ். ஆப்பிரிக்காவின் கிழக்கு முனையைச் சேர்ந்த இச்செடி, வறட்சியிலும் பச்சை குன்றாமல் விரைந்து வளர்வதால் பல நகரங்களில் நடப்பட்டது. வேர்கள் குழாய்களையும் வடங்களையும் சேதப்படுத்துவதாகவும், மகரந்தம் சுவாசக் கோளாறுகளுக்குக் காரணமாவதாகவும் புகார் எழ, குஜராத் அரசு 2023 செப்டம்பரில் அதனை நடுவதற்குத் தடை விதித்தது.

மாற்று, தில்லியிலேயே உள்ளது. தில்லி வளர்ச்சி ஆணையமும் தில்லிப் பல்கலைக்கழகமும் இணைந்து உருவாக்கிய அரவல்லி பல்லுயிர்ப் பூங்காவில், கைவிடப்பட்ட கல், மண் குவாரி நிலத்தில் அரவல்லி மலைத்தொடரின் சொந்தச் செடிகள் மீண்டும் வேரூன்றியுள்ளன. ஆடாதோடை, களா போன்றவை இந்த மண்ணையும் வெயிலையும் பல நூற்றாண்டுகளாக அறிந்தவை. பாறை மண்ணில் தழைக்கும் செடிக்கு மையத் தடுப்பின் இடிபாடு புதிதன்று. இவற்றை ஆயிரக்கணக்கில் வளர்த்துத் தர நாற்றங்கால்கள் வேண்டும். எளிதில் கிடைப்பதையே ஒப்பந்தக்காரர் நடுவார் என்பதால், நாற்றங்காலில் எது வளர்கிறதோ அதுவே வீதியின் தலைவிதியாகிறது.

நடும்போது உண்டு, அகற்றும்போது இல்லை

சட்டத்தின் பார்வையில் புதர்ச் செடிக்கு இடமில்லை. தில்லி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1994-இன்படி, தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் 5 செ.மீ. விட்டத்துக்குக் குறையாத தண்டும், ஒரு மீட்டருக்குக் குறையாத உயரமும் கொண்டதே மரம். அதனை வெட்ட முன் அனுமதி வேண்டும். மெல்லிய பல தண்டுகளுடன் வளரும் புதர்ச் செடிகளில் பெரும்பாலானவை இந்த வரையறைக்குள் வருவதில்லை. பல ஆண்டுகள் வளர்ந்த செடிவரிசையை ஒரே இரவில் பெயர்த்தாலும் கேள்வி எழாது. ஆனால், ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் நடவு இலக்குகளில் மரக்கன்றுகளோடு புதர்ச் செடிகளும் சேர்த்தே எண்ணப்படுகின்றன. நடும்போது கணக்கில் சேரும் செடி, அகற்றப்படும்போது கணக்கில் வருவதில்லை.

பொறுப்பும் சிதறிக் கிடக்கிறது. புதுதில்லி நகராட்சிக் கவுன்சில், தில்லி மாநகராட்சி, சுமார் 1,400 கி.மீ. முதன்மைச் சாலைகளைக் கவனிக்கும் பொதுப்பணித் துறை, தில்லி வளர்ச்சி ஆணையம், தேசிய நெடுஞ்சாலை ஆணையம் என ஒரே பயணத்தில் பல துறைகளின் எல்லைகளைக் கடக்க நேர்கிறது. பசுமை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கொண்டே துறை மாறியதை அறிந்துகொள்ளலாம்.

பணம் இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 2019-இல் தொடங்கப்பட்ட தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் செலவான நிதியில் 64 சதவீதம் சாலை அமைத்தல், பள்ளம் நிரப்புதல், தண்ணீர் தெளித்தல் போன்ற சாலைத் தூசி தடுப்புப் பணிகளுக்கே சென்றதாக அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024-இல் சுட்டிக்காட்டியது. தெளித்த தண்ணீர் தில்லி வெயிலில் சிறிது நேரத்திலேயே உலர்ந்துவிடும். வேரூன்றிய செடியோ ஆண்டு முழுதும் அதே பணியைச் செய்யும்.

இரண்டு கோடைகள்

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. இடிபாட்டை அகற்றி நல்ல மண் நிரப்பிய பின்பே நட வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களே நடவுக்கு உகந்தவை. மார்ச் இறுதியில், நிதியாண்டு முடிவதற்குள் செலவுக் கணக்கை முடிப்பதற்காக நடப்படும் செடி, வேர் பிடிக்குமுன்பே கோடையைச் சந்திக்கிறது. ஒரே இனத்தை மைல் கணக்கில் நட்டால், ஒரு பூச்சி தாக்குதலில் வரிசை முழுதும் அழியும். மூன்று, நான்கு இனங்களைக் கலந்து நடுவதே பாதுகாப்பு. உதிரும் இலைகளைக் கூட்டி எரிக்காமல் செடியின் அடியிலேயே பரப்பினால் ஈரம் காக்கப்படும். மழையற்ற மாதங்களில் இலைகளைக் கழுவினால்தான் அவை மேலும் தூசியைப் பிடிக்க இயலும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், முதல் இரண்டு கோடைகளுக்கான தண்ணீர். எத்தகைய வறட்சியைத் தாங்கும் செடியும் வேர் ஆழமாக இறங்கும் வரை குழந்தையே. ஒப்பந்தத் தொகையை நட்ட நாளில் அன்றி, இரண்டாம் கோடை முடிவில் உயிரோடு நிற்கும் செடிகளை எண்ணி வழங்கினால், எதை நட வேண்டும் என்ற கேள்விக்கு ஒப்பந்தக்காரரே சரியான விடை தேடிக்கொள்வார்.