கள ஆய்வுக்கான இணையப் படிவம்: கைநிரலா, ஆயத்தக் கருவியா? – வல்லம் வடகாலை முன்வைத்து

முன்னுரை

திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியிலுள்ள வல்லம் வடகாலில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கென ₹706.50 கோடியில் சிப்காட் அமைத்த குடியிருப்பு வளாகம் 2024 ஆகஸ்டு 17 அன்று திறக்கப்பட்டது. இத்தகைய களத்தில் வாழிடம், பணிநேரம், ஊதியம் ஆகியன குறித்துத் தரவு திரட்ட விழையும் ஆய்வாளர் படிவத்தைத் தாமே எச்டிஎம்எல் நிரலில் எழுதுவதா, ஆயத்தக் கருவியைக் கொள்வதா என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

ஆயத்தக் கருவிகள்

கூகுள் படிவங்களை ஒரு மணி நேரத்தில் உருவாக்கிவிடலாம். விடைகள் தாமே அட்டவணையில் சேரும். எனினும், ஒருவர் ஒருமுறை மட்டுமே விடையளிக்கலாம் என்னும் அமைப்பைத் தெரிவுசெய்தால், விடையளிப்பவர் தம் கூகுள் கணக்கில் நுழைய வேண்டும். ஆய்வாளர் மின்னஞ்சல் முகவரியைச் சேகரிக்காவிடினும், ஊதியக் குறையைச் சொல்ல வரும் தொழிலாளிக்கு அக்கணமே ஐயம் எழும். ஐயத்துடன் அளிக்கப்படும் விடை நம்பகமான தரவாகாது. கோபோ டூல்பாக்ஸ் போன்ற கள ஆய்வுக் கருவிகள் இணைய இணைப்பின்றியும் இயங்கும். ஒரே படிவத்தைப் பல மொழிகளில் காட்டும். பிறமாநிலத் தொழிலாளரும் பணிபுரியும் இப்பகுதிக்கு இது பெரிதும் ஏற்றது.

கைநிரல் படிவம்

கைநிரலில் வினாவின் ஒழுங்கு, தரவின் இருப்பிடம் ஆகியவை ஆய்வாளர் வசமாகின்றன. பொறுப்பும் அவருடையதாகிறது. உலாவியில் செய்யும் சரிபார்ப்பை எவரும் கடந்துவிடலாம். எனவே வழங்கியிலும் மீண்டும் சரிபார்த்தல் இன்றியமையாதது. தரவுத்தளப் பாதுகாப்பு, காப்புப்படி, வழங்கிக் கட்டணம் ஆகியவை ஆய்வேடு நிறைவுறும்வரை தொடரும்.

தமிழ் எழுத்தும் படிவ விதிகளும்

இருவழியிலும் கவனிக்கத்தக்கது ஒருங்குறிக் கணக்கு. ‘ஸ்ரீபெரும்புதூர்’ என்பது கண்ணுக்கு 7 எழுத்து; கணினிக்கோ 16 குறியீடு. ஊர்ப்பெயருக்கு 15 என எல்லை வகுத்த கட்டத்தில் இறுதிப் புள்ளியை இட இயலாது. அவ்வாறே, பெயரில் ‘எழுத்து’ மட்டுமே வரலாம் என விதித்தால் ‘கமலா’ என்பதும் பிழையாகிவிடும். ஏனெனில் துணைக்காலையும் புள்ளியையும் ஒருங்குறி ‘குறி’ என்னும் தனிவகையில் வைத்துள்ளது. ஆங்கிலப் பெயர்களை மட்டும் இட்டுச் சோதித்தால் இப்பிழைகள் வெளிப்படா.

தன்மறைவு

எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. ஆய்வுப் பயன்பாட்டிற்கு அதில் நிபந்தனைகளுடன் விலக்கு உண்டெனினும், கருதுகோளுக்குத் தேவைப்படாத பெயர், கைபேசி எண், அறை எண் ஆகியவற்றைக் கேளாதிருத்தலே சிறந்த பாதுகாப்பு. கேட்கப்படாத தரவு ஒருபோதும் கசியாது.

முடிவுரை

தேர்வை முடிவுசெய்ய வேண்டியது ஆய்வாளரின் நிரலாக்கத் திறன் அன்று. விடையளிப்பவர் யார், எம்மொழியில் விடையளிப்பார், தரவு எங்குத் தங்கும் என்னும் மூன்று வினாக்களே அதனை முடிவுசெய்ய வேண்டும். தனி ஆய்வாளர் பெரும்பாலோர்க்கு உள்நுழைவு கோராத, பன்மொழிக் கள ஆய்வுக் கருவியே போதுமானது. ஆயத்தக் கருவி தர இயலாத விதியோ தரவு இருப்பிடமோ தேவைப்படும்போதும், இறுதிவரை பேணும் ஏற்பாடு உள்ளபோதும் மட்டுமே கைநிரலை நாடுதல் தகும். எவ்வழியாயினும், களத்திற்குச் செல்லுமுன் தமிழ்ப் பெயர்களை இட்டுப் படிவத்தைச் சோதித்தல் வேண்டும்.