அடைப்பான் நோயும் இரத்தப் பரீட்சையும்

சங்கக் கடனில் வாங்கிய உழவுமாடு திடீரென மாண்டு, மூக்கினும் ஆசனவாயினும் உறையாத கறுத்த இரத்தம் கசியுமாயின், அடைப்பான் நோயென ஐயுறல் வேண்டும். தோலின் விலையை நாடி அதனை உரித்தலாகாது. உடலை அறுப்பின், காற்றுப்பட்ட கிருமிகள் வித்துருக்கொண்டு மண்ணிற் பல்லாண்டு பிழைத்திருக்கும், அறுத்தவனையும் பற்றும். இவ்வித்துருவின் இயல்பை 1876-ஆம் ஆண்டில் ஜெர்மானிய வைத்தியர் ராபர்ட் கோக் விளக்கினார்.

ஆதலின், அங்கத்தினர் உடலுக்குக் காவலிட்டுக் கால்நடை வைத்தியருக்கு உடனே அறிவித்தல் கடமையாம். அவர் காதின் இரத்தக்குழாயிலிருந்து ஒரு துளி எடுத்துக் கண்ணாடித் தகட்டிற் பூசி உலர்த்துவார். பரிசோதனைச் சாலையில் அதற்குப் பக்குவப்படுத்திய மெதிலீன் நீலச் சாயமேற்றிப் பூதக்கண்ணாடியால் நோக்குவர். சதுரமுனையுடைய நீலக்கோல்களும் அவற்றைச் சூழ்ந்த இளஞ்சிவப்பு உறையும் தோன்றின், நோய் அடைப்பானே. அப்பொழுது உடலை எரித்தோ ஆழப் புதைத்தோ விட்டு, எஞ்சிய மந்தைக்குத் தடுப்பூசி போடுவித்தல் வேண்டும். ஒரு தோலின் விலைக்காக ஊர்மந்தையை இழத்தல் அறிவுடைமையன்று.