மொச்சை வேகலைன்னா மொச்சை மேல பழி போடாதீங்க

"நாட்டு மொச்சை ருசியாத்தான் இருக்கு, ஆனா வேகவே மாட்டேங்குதே!" நஞ்சில்லா விளைபொருள் விற்கிற நண்பர்கள் அடிக்கடி கேட்கிற குறை இது. மானாவாரியில் அதிகச் செலவு வைக்காமல் விளையுற மொச்சையும் தட்டைப்பயறும் கொள்ளும் அடுப்படி வரைக்கும் போய்ச் சேராமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். விளைவிக்கிறவங்களும் விஷயம் தெரிஞ்சிருந்தா வாங்குறவங்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.

முதல் காரணம் பழசு. தகரக் கொட்டகைச் சூட்டிலும் ஈரக்காற்றிலும் பல மாசம் கிடந்த பயறு உள்ளுக்குள்ளேயே இறுகிப் போகும். அதை ராத்திரி முழுக்க ஊற வைத்தாலும், நாள் முழுக்க வேக வைத்தாலும் பூப்போல மலராது. அதனால மூட்டையில் விலையோடு அறுவடை மாசத்தையும் எழுதி விற்கிறது நல்லது. போன தை, மாசியில் அடிச்ச மொச்சையா, அதுக்கும் முந்தினதான்னு வாங்குறவங்களுக்குத் தெரியணும்.

அடுத்தது தண்ணீர். போர்த் தண்ணியில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து பயறின் திசுக்களை இறுக்கிப் பிடிச்சுக்கும். மழைத்தண்ணி இருந்தா அதில் வேக வையுங்க. இல்லாட்டி ஊற வைக்கிற தண்ணியில் லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி உப்பு போடுங்க. உப்பு போட்டா பயறு வேகாதுன்னு ஒரு பேச்சு உண்டு; ஊறும்போது போடுற உப்பு தோலை இளக்கத்தான் செய்யும். ஆப்ப சோடா ஒரு சிட்டிகைக்கு மேல வேண்டாம், சோப்பு வாடை அடிக்கும். உண்மையிலேயே வேகவிடாம தடுக்கிறது புளியும் தக்காளியும்தான். பயறு நசுங்குற பதம் வந்த பிறகே அதுகளைச் சேர்க்கணும்.

இப்போ அடுப்புக்கு வருவோம். பயறுக்கு நிதானமான சூடுதான் பிடிக்கும். தோல் வெடிக்காம உள்ளே மாவாகும். ஸ்லோ குக்கர்ங்கிற மின்கருவியே பயறுக்காகப் பிறந்ததுதான். லித்துவேனியாவில் யூதக் குடும்பங்கள் ஓய்வுநாளுக்கு முந்தின நாள் பயறும் இறைச்சியும் போட்ட பானையை ரொட்டி அடுப்பில் வைத்து, இரவெல்லாம் வேக விடுவாங்க. தன் குடும்பத்தில் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த அமெரிக்கர் இர்விங் நாக்சன் இந்தக் கருவியைச் செய்து 1940-ல் காப்புரிமை வாங்கினார். 200 வாட் கருவி 7 மணி நேரம் ஓடினா 1.4 யூனிட் ஆகும். அதுவும் வேண்டாம்னா நம்மகிட்ட வைக்கோல் இருக்கு.

அரைக்கிலோ பயறை எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ஊற வைத்து, ஊறின தண்ணியைக் கொட்டிடுங்க. மொச்சைக்கு இது ரொம்ப முக்கியம். புதுத்தண்ணி ஊற்றி, மூடாமல் பதினைந்து நிமிஷம் தளதளன்னு கொதிக்க விடுங்க. பிறகு மூடி, கொதி அடங்குறதுக்குள்ள, காய்ந்த வைக்கோலைச் சுற்றிலும் நாலு விரற்கடைக்குக் குறையாமல் திணிச்ச கூடையில் பானையை இறக்கணும். மேலே வைக்கோல் அடைச்ச சாக்கை அழுத்தி வைங்க. அஞ்சாறு மணி நேரம் திறக்கவே கூடாது, ஒரு தடவை எட்டிப் பார்த்தாலும் சூடு போயிடும். பானை நிறைய இருந்தாத்தான் சூடு நிற்கும். ஒரு கைப்பிடிப் பயறுக்கு இந்த வேலை எடுபடாது.

திறந்ததும் அப்படியே பரிமாற வேண்டாம். வெதுவெதுப்பில் கிருமி வளரும். மறுபடியும் ஒரு கொதி வந்த பிறகே தாளிப்பு.

ராஜ்மா வாங்குறவங்க ஒன்றை மறக்கவே கூடாது. சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப்பொருள் அதிகம். சரியா வேகாத நாலஞ்சு பயறு போதும், சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்துடும். ஸ்லோ குக்கரில் பல நேரம் சூடு கொதிநிலையைத் தொடாது. அந்த நச்சு அப்படியே இருக்கும், சில சமயம் கூடவும் செய்யும். அதனால ராஜ்மாவை முதலில் அடுப்பில் பத்து நிமிஷத்துக்குக் குறையாமல், முடிஞ்சா அரைமணி நேரம் கொதிக்க வைத்த பிறகே கூடையிலோ குக்கரிலோ வைக்கணும். பிரஷர் குக்கரில் வேக வைக்கிறவங்களுக்கு இந்தக் கவலை இல்லை.

கொள்ளு வேக வைத்த தண்ணியைக் கீழே ஊற்றிடாதீங்க. மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, கொஞ்சம் புளி கரைத்தா அன்னைக்கு ரசம் தயார்.