விலைப் பலகையில் ஒரு தொகை, ரசீதில் வேறு தொகை: கார் வாங்குவோரின் கணக்கு

புது தில்லி: தீபாவளிப் பரிசாகச் சரக்கு மற்றும் சேவை வரி (ஜி.எஸ்.டி.) குறைக்கப்படும் என 2025 ஆகஸ்ட் 15-ஆம் தேதி செங்கோட்டையிலிருந்து பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தார். அடுத்த சில வாரங்களுக்கு நாடெங்கும் கார் விற்பனையகங்களில் ஈயாடவில்லை. வரி குறையப் போகிறது என்று தெரிந்த பிறகு, அதற்கு முன்பே பணத்தைக் கட்டிவிட்டு வண்டியை எடுத்துச் செல்ல யாருக்குத்தான் மனம் வரும்?

செப்டம்பர் 3-ஆம் தேதி கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவை அறிவித்தது. நவராத்திரியின் முதல் நாளான செப்டம்பர் 22-ஆம் தேதி புதிய விகிதங்கள் அமலுக்கு வந்தன. நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்கும், 1,200 சி.சி. வரையிலான பெட்ரோல் கார்களுக்கும், 1,500 சி.சி. வரையிலான டீசல் கார்களுக்கும் இருந்த 28 சதவீத வரியும் அதற்கு மேலான இழப்பீட்டு மேல்வரியும் போய், 18 சதவீதம் என்றானது. பெரிய கார்களுக்கு மேல்வரியையும் சேர்த்து 50 சதவீதம் வரை இருந்தது, ஒரே சீராக 40 சதவீதமாகியது. தில்லியின் மோதி நகர்ப் பகுதியில் வரிசையாக அமைந்துள்ள ஷோரூம்களில் மீண்டும் கூட்டம் திரண்டது.

குறைந்தது உண்மை. ஆனால் எது குறைந்தது, எது அப்படியே இருக்கிறது என்பதுதான் வாங்குபவர் கவனிக்க வேண்டிய விஷயம்.

ஷோரூம் விலை 8 லட்சம் ரூபாய் என்றுள்ள ஒரு சிறிய பெட்ரோல் காரை எடுத்துக்கொள்ளலாம். இதில் காரின் அடக்கம் ஏறத்தாழ 6 லட்சத்து 78 ஆயிரம். மீதமுள்ள 1 லட்சத்து 22 ஆயிரம் ஜி.எஸ்.டி. இதே கார் பழைய விகிதத்தில் 8 லட்சத்து 75 ஆயிரத்துக்கு விற்றிருக்கும். ஆக, 75 ஆயிரம் ரூபாய் மிச்சம். அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் ஷோரூம் விலையைக் கொடுத்துவிட்டு எவரும் காரைச் சாலைக்குக் கொண்டுவந்துவிட முடியாது. அடுத்து நிற்பது மாநில அரசின் சாலை வரி. தில்லியில் தனிநபர் பெயரில் பதிவாகும் பெட்ரோல் காருக்கு 6 லட்சம் வரை 4 சதவீதம், 10 லட்சம் வரை 7 சதவீதம், அதற்கு மேல் 10 சதவீதம். டீசல் கார் என்றால் இன்னும் கூடுதல். நிறுவனத்தின் பெயரில் பதிந்தால் அதற்கும் மேல். மேற்சொன்ன 8 லட்சம் ரூபாய் காருக்கு 56 ஆயிரம் கட்ட வேண்டும். இந்த 7 சதவீதம் ஜி.எஸ்.டி.யையும் உள்ளடக்கிய விலை மீது கணக்கிடப்படுவதால், வரியாகச் செலுத்திய 1 லட்சத்து 22 ஆயிரத்துக்கும் சேர்த்தே வரி விழுகிறது. வரி மீது வரியாக மட்டும் ஏறத்தாழ 8,500 ரூபாய்.

தில்லிவாசிகள் ஒப்பீட்டளவில் கொடுத்து வைத்தவர்கள். கர்நாடகத்தில் இதே காருக்கு 14 சதவீதம், மேல்வரி தனி. தமிழகத்தில் 2023 நவம்பரில் விகிதங்கள் மாற்றப்பட்டன. அதுவரை 10 லட்சத்துக்குள் 10 சதவீதம், அதற்கு மேல் 15 சதவீதம் என இரண்டே படிகள் இருந்தன. இப்போது 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். 8 லட்சம் ரூபாய் காருக்கு சென்னையில் 1 லட்சத்து 4 ஆயிரம் ரூபாய். தில்லியைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. படிக்கட்டு எங்கே ஏறுகிறது என்பதும் முக்கியம். 9 லட்சத்து 99 ஆயிரம் விலையுள்ள காருக்கு வரி 1 லட்சத்து 30 ஆயிரத்துக்குச் சற்றே குறைவு. விலை 10 லட்சத்து ஓராயிரமாகிவிட்டால் வரி 1 லட்சத்து 80 ஆயிரத்தைத் தாண்டிவிடும். இரண்டாயிரம் ரூபாய் வித்தியாசத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய் அபராதம் போல.

மாநிலங்களின் கை: வாகனங்கள் மீதான வரி அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 57-ஆவது இனமாக இடம்பெற்றுள்ளது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது விற்பனை வரி உள்ளிட்ட பெரும்பாலான வரிகளை மாநிலங்கள் விட்டுக்கொடுத்தன. மீதமிருப்பவை பெட்ரோலியப் பொருள்கள், மது, பத்திரப் பதிவு, வாகன வரி ஆகிய சில மட்டுமே. நிதி நெருக்கடி வரும்போதெல்லாம் மாநில அரசுகள் இவற்றில்தான் கை வைக்கின்றன. இதை வெறும் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. ஜி.எஸ்.டி. குறைப்புக்கு முன்பாக, 2025 ஆகஸ்ட் இறுதியில், தமிழகம், கேரளம், கர்நாடகம், மேற்கு வங்கம் உள்பட எதிர்க்கட்சிகள் ஆளும் எட்டு மாநிலங்களின் பிரதிநிதிகள் தில்லியில் கூடி, ஐந்து ஆண்டுகளுக்கு வருவாய் இழப்பீடு வேண்டும் எனக் கோரினர். கவுன்சில் முடிவில் அதற்கு இடம் இல்லை. மத்தியில் குறைந்ததை மாநிலங்கள் வேறு வழியில் வசூலிக்கத் தொடங்கினால் வியப்பதற்கில்லை.

மாநிலம்விட்டு மாநிலம் மாற்றலாகும் ஊழியர்களுக்காக 2021 செப்டம்பரில் மத்திய அரசு "பி.எச்." வரிசைப் பதிவைக் கொண்டுவந்தது. இதில் ஆயுள்கால வரி இல்லை. இரண்டிரண்டு ஆண்டுகளுக்குச் செலுத்தினால் போதும். ஜி.எஸ்.டி. நீங்கலான விலை மீதே வரி என்பது இதன் இன்னொரு சலுகை. மத்திய, மாநில அரசு ஊழியர்கள், ராணுவத்தினர், பொதுத்துறை ஊழியர்கள், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்கள் ஆகியோருக்கு மட்டுமே இது கிடைக்கும். சொந்தத் தொழில் செய்பவருக்கு இல்லை. வரி மீது வரி விதிப்பது தவறு என்று மத்திய அரசு கருதியிருந்தால், அந்த நியாயம் ஒரு சாராருக்கு மட்டும் எப்படிப் பொருந்தும்?

துண்டுச் சீட்டில் வரும் செலவுகள்: வரி அரசு சார்ந்தது, சட்டப்படி வருவது. வாங்குபவரைக் குமுற வைப்பது அதற்குப் பிறகு விற்பனைப் பிரதிநிதி கையால் எழுதித் தரும் துண்டுச் சீட்டுதான். காப்பீடு, பதிவுச் செலவு, கையாளுதல் கட்டணம், "அத்தியாவசிய" உபகரணங்கள், நீட்டிக்கப்பட்ட உத்தரவாதம், பெயின்டுக்கு மேல்பூச்சு என்று அது நீளும்.

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி சொந்த உபயோகக் காருக்கான பதிவுக் கட்டணம் 600 ரூபாய். கடனில் வாங்கினால் அடமானக் குறிப்புக்காக மேலும் 1,500 ரூபாய். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அதே மாநிலத்தில் விற்கப்படும் புதிய காரைப் பதிவு செய்ய விண்ணப்பிக்க வேண்டியவர் விற்பனையாளரே. வண்டியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஓட்டிச் சென்று காட்ட வேண்டிய அவசியமும் இல்லை. அப்படியிருக்க, "ஆர்.டி.ஓ. செலவு" என்ற ஒற்றைத் தலைப்பில் சாலை வரியையும் வேறு சில ஆயிரங்களையும் ஒன்றாகக் கலந்து எழுதும் வழக்கம் இன்னும் நிற்கவில்லை. கிடங்கிலிருந்து ஷோரூமுக்குக் கொண்டுவரும் செலவு என்று சொல்லப்படும் கையாளுதல் கட்டணத்தை வசூலிக்கக் கூடாது எனச் சில மாநிலப் போக்குவரத்துத் துறைகள் உத்தரவிட்டும் உள்ளன. பெயரை மாற்றிக்கொண்டு அது திரும்பி வந்துவிடுகிறது.

காப்பீட்டின் கதை இதைவிடச் சுவையானது. கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவ நிபுணர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்பு குறித்து உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். அந்த வழக்கில் பிறப்பிக்கப்பட்ட உத்தரவின்படி 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு மூன்று ஆண்டுக்கான மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமானது. விபத்தில் சிக்கும் பாதசாரிக்கு இழப்பீடு உறுதியாக வேண்டும் என்ற நல்ல நோக்கம். கட்டாயம் அவ்வளவுதான். சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டை ஓராண்டுக்கு மட்டும், விரும்பிய நிறுவனத்தில், விரும்பிய முகவரிடம் எடுத்துக்கொள்ளலாம். விற்பனையாளர்கள் காப்பீடு விற்பதை முறைப்படுத்த காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளும், குறிப்பிட்ட நிறுவனத்தின் காப்பீட்டை வாடிக்கையாளர் மீது திணிக்கக் கூடாது என்றே கூறுகின்றன. சொந்தச் சேதக் காப்பீட்டு பிரீமியத்தில் கார் விற்பனையாளர் பெறக்கூடிய கட்டணத்துக்கு 19.5 சதவீதம் என்று அவை உச்சவரம்பும் வைத்தன. எங்கள் காப்பீடு எடுத்தால்தான் இந்தத் தள்ளுபடி என்று ஷோரூமில் ஏன் சொல்கிறார்கள் என்பது இந்த ஒரு எண்ணிலேயே விளங்கிவிடும்.

காத்திருப்புப் பட்டியல் உள்ள கார்களுக்கு இன்னொரு முறை. ஐம்பதாயிரத்துக்கு உபகரணங்கள் வாங்கினால் வண்டி சீக்கிரம் வரும். இல்லாவிட்டால் நான்கு மாதம். கரோல் பாக் கடைத்தெருவில் பேரம் பேசி வாங்கக்கூடிய தரைவிரிப்பையும் இருக்கை உறையையும் அதைவிடக் கூடுதலான விலையில் ஷோரூமில் வாங்கியாக வேண்டும். ஒரு பொருளை வாங்க வேறொரு பொருளையும் வாங்க வேண்டும் என நிபந்தனை விதிப்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்பாட்டு வணிக நடவடிக்கை என வரையறுத்துள்ளது. வாய்மொழியாகச் சொல்லப்படும் நிபந்தனையை எப்படி நிரூபிப்பது என்பதுதான் சிக்கல்.

தள்ளுபடி தரவும் தடை: விற்பனையாளர்களே எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்வதும் சரியாகாது. 2021 ஆகஸ்ட் 23-ஆம் தேதி மாருதி சுசுகி நிறுவனத்துக்கு இந்தியப் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பெயர் குறிப்பிடாத விற்பனையாளர் ஒருவர் அனுப்பியதாகச் சொல்லப்பட்ட மின்னஞ்சலில் தொடங்கிய விசாரணை அது. நிறுவனம் நிர்ணயித்ததைவிடக் கூடுதலாகத் தள்ளுபடி தரக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்ததாகவும், அதைக் கண்காணிக்க வாடிக்கையாளர் வேடத்தில் ஆள்கள் அனுப்பப்பட்டதாகவும் ஆணையம் கண்டது. பிடிபட்டால் விற்பனையாளருக்கு மட்டுமன்றி, ஷோரூம் மேலாளர், விற்பனைப் பிரதிநிதி வரை அபராதம் உண்டு என்கிறது அந்த உத்தரவு. வாங்குபவருக்குக் கூடுதலாகச் சில ஆயிரங்களைக் குறைத்துக் கொடுத்ததற்கான தண்டனை! நிறுவனம் மேல்முறையீடு செய்தது. அபராத வசூலுக்கு தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதே ஆண்டு நவம்பரில் தடை விதித்தது. இதற்கு முன்பு 2017-இல் ஹூண்டாய் நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட 87 கோடி ரூபாய் அபராதத்தை அதே தீர்ப்பாயம் 2018-இல் ரத்து செய்திருந்தது.

தயாரிப்பாளர் கையைக் கட்டிவிட்ட பிறகு விற்பனையாளர் வேறெங்கே பார்ப்பார்? காப்பீடு, கடன், உபகரணங்கள்தான். அவர் பக்கத்து அச்சமும் சிறிதல்ல. 2017-இல் ஜெனரல் மோட்டார்ஸ் இந்திய விற்பனையைக் கைவிட்டது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. சென்னையை அடுத்த மறைமலை நகர் ஆலையும் அதில் அடங்கும். கோடிக்கணக்கில் முதலீடு செய்த விற்பனையாளர்கள் நடுத்தெருவில் நின்றனர். அவர்களுக்குப் பாதுகாப்பளிக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்று கோரி வருகிறது வாகன விற்பனையாளர்கள் சங்கங்களின் கூட்டமைப்பு. தொழில்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவும் 2020 டிசம்பரில் இதைப் பரிந்துரைத்தது.

2025 வரிக் குறைப்பிலும் அடி விழுந்தது இவர்களுக்குத்தான். பழைய விகிதத்தில் மேல்வரி செலுத்தி வாங்கி வைத்திருந்த கார்களுக்கான வரவு, மேல்வரியே ஒழிந்ததால் பயனற்றுப் போனது. அத்தொகை ஏறத்தாழ 2,500 கோடி ரூபாய் எனக் கூட்டமைப்பு கூறியது.

வாங்குபவர் பக்கமும் ஒரு வேலி அகற்றப்பட்டிருந்தது. வரி குறைந்தால் அதன் பயன் நுகர்வோரைச் சென்றடைய வேண்டும் என்பதற்காக ஜி.எஸ்.டி. சட்டத்தில் கொள்ளை லாபத் தடுப்புப் பிரிவு இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அதன்கீழ் புதிய புகார்கள் ஏற்கப்படுவதில்லை. அதாவது, ஜி.எஸ்.டி. வரலாற்றின் பெரிய வரிக் குறைப்பு வந்தபோது அதைக் கண்காணிக்கும் சட்டக் கருவி கையில் இல்லை. கார் நிறுவனங்கள் தாமாகவே விலைக் குறைப்பை அறிவித்தன என்பது ஆறுதல்.

தவறு நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பதிலும் தெளிவில்லை. கோவாவில் பழைய ஆண்டு மாடல் காரைத் தன்னிடம் விற்றதாக ஒருவர் தொடர்ந்த வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தயாரிப்பாளரும் விற்பனையாளரும் தனித்தனி வணிகர்களாக இயங்கும்போது, விற்பனையாளர் செய்ததை அறிந்திருந்ததற்கான ஆதாரம் இல்லாமல் தயாரிப்பாளரான டாடா மோட்டார்ஸைப் பொறுப்பாக்க முடியாது என்றது. விளம்பரத்தில் சிரிப்பது ஒருவர், ரசீதில் கையெழுத்திடுவது வேறொருவர்.

இத்தனைக்கும் பிறகு வாங்கிய காரை எத்தனை ஆண்டு ஓட்டலாம் என்பது தில்லியில் தனிக் கேள்வி. ஆயுள்கால வரி பதினைந்து ஆண்டுகளுக்குச் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. ஆனால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் 2015-ஆம் ஆண்டு உத்தரவும், அதை உறுதி செய்த உச்ச நீதிமன்றத்தின் 2018 அக்டோபர் உத்தரவும் டீசல் கார்களுக்குப் பத்து ஆண்டுகளையே அனுமதித்தன. 2025 ஜூலை 1 முதல் வயது கடந்த வண்டிகளுக்கு எரிபொருள் கிடையாது என்ற கட்டுப்பாடு சில நாள்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கடும் நடவடிக்கைக்குத் தடை விதித்தது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பி.எஸ். 4 மற்றும் அதற்குப் பிந்தைய தர வண்டிகளுக்கு மட்டுமே என்று திருத்தியது. அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகளில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த டீசல் காரை அடிமாட்டு விலைக்கு வெளிமாநிலத் தரகரிடம் தள்ளிவிட்டுப் புதிய கார் வாங்கியவர்கள் ஏராளம். மீதி ஐந்தாண்டு வரியை ஒரு கையால் இழந்துவிட்டு, மறு கையால் புதிய காருக்குப் பதினைந்து ஆண்டு வரியைச் செலுத்தியவர்கள் அவர்கள்.