பல்லின் நிழலும் உதவியாளரின் விரலும்

பல்லின் மேற்புறத்தை எவரும் கண்ணாற் காணலாம். பல்லின் வேரையும், வேரைச் சூழ்ந்த தாடையென்பையும், இரு பற்கள் ஒன்றையொன்று தொடும் இடுக்கிலே மறைந்திருக்கும் சொத்தையையும் காண்பதற்கு எக்ஸ் கதிரின் உதவி வேண்டும். பல் வைத்திய நிலையத்திலே இது மிக எளிய காரியமாக நடைபெறுகின்றது. நோயாளர் நாற்காலியில் அமர்கின்றார்; சிறு பிலிம் ஒன்றோ, கணினியோடு இணைந்த மின்னுணரி ஒன்றோ வாயினுள்ளே வைக்கப்படுகின்றது; உதவியாளர் விலகிச் சென்று பொத்தானை அமர்த்துகின்றார். ஒரு செக்கனிலும் குறைந்த நேரத்திற் படம் முடிந்துவிடுகின்றது. இதனைக் கவனிக்கும் நோயாளர் சிலர், "எனக்குத் தீங்கில்லையெனின் இவர் ஏன் விலகி ஓடுகின்றார்?" என ஐயுறுவதுண்டு. ஐயம் நியாயமானதே. அதற்கு விடை காண வேண்டின், எக்ஸ் கதிரின் தொடக்க காலத்திற்குச் செல்லவேண்டும்.

ஜேர்மனியிலே வூர்ஸ்பேர்க் நகரப் பேராசிரியர் றொன்ற்ஜன் இக்கதிரை முதன்முதலிற் கண்டது 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆந் திகதி. செய்தி வெளியாகிச் சில வாரங்களுள், 1896 ஜனவரியிலேயே, பிறவுன்ஸ்வைக் நகரத்துப் பல் வைத்தியர் ஒற்றோ வால்கொவ் தம் வாயினுள்ளே கண்ணாடித் தகடொன்றை வைத்துத் தம் பற்களையே படம் பிடித்தார். அதற்கு அவர் அசையாது கிடந்த நேரம் 25 நிமிடம்! இன்று செக்கனின் சிறு பின்னத்தில் முடியும் வேலை அது.

அதே ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரிலே எட்மண்ட் கெல்ஸ் என்னும் பல் வைத்தியர் இக்கருவியைத் தம் நிலையத்தில் அமைத்தார். பல் வைத்திய உதவியாளர் என்னும் தொழிலுக்கும் இவர் முன்னோடி. 1885ஆம் ஆண்டிலேயே பெண்ணொருவரை உதவியாளராக அமர்த்தியவர் என வரலாறு இவரைக் குறிக்கின்றது. அக்காலத்துக் கதிர்க்குழாய் ஒருநாள் போல் மறுநாள் இயங்குவதில்லை. ஆதலின் ஒவ்வொரு முறையும் குழாயைச் சீர்செய்யவேண்டியிருந்தது. கெல்ஸ் கையாண்ட முறை யாதெனில், குழாய்க்கும் ஒளிரும் திரைக்கும் இடையே தம் கையை நீட்டி, கையென்புகள் தெளிவாகத் தோன்றும்வரை குழாயைத் திருத்துதல். அவர் ஒருவர் மட்டுமல்லர். அன்று இத்துறையில் உழைத்த பலரும் இவ்வாறே செய்தனர். கதிர் தோலைச் சுடவில்லை, வலிக்கவில்லை, கண்ணுக்கும் தெரியவில்லை. ஆண்டுகள் பல கழிந்தபின் அவர் விரல்களிற் புற்றுநோய் தோன்றிற்று. முதலில் விரல்கள் போயின. பின்னர்க் கை போயிற்று. அதன்பின் மேற்கையும் போயிற்று. ஓயாத நோவைத் தாங்கவியலாத அம்முதியவர் 1928ஆம் ஆண்டிலே தம் எழுபத்தோராவது வயதில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார்.

இத்துயரம் எவரும் முன்னறிய முடியாத ஒன்றன்று என்பதே இதிற் கசப்பான உண்மை. பொஸ்டன் நகரத்துப் பல் வைத்தியரான வில்லியம் றொலின்ஸ், 1901ஆம் ஆண்டிலே கினிப்பன்றிகளை எக்ஸ் கதிரின் முன் வைத்துச் சோதித்து, அக்கதிர் உயிரையே போக்கவல்லது எனக் காட்டினார். கதிர்க்குழாயை ஈயம் முதலிய கதிர் புகாப் பொருளாலான பெட்டிக்குள் அடைத்தல், படம் வேண்டிய இடத்தை மட்டும் திறந்து ஏனைய பகுதிகளை மறைத்தல், கதிர் புகாக் கண்ணாடி அணிதல் என்பன அவர் கூறிய யோசனைகள். அவற்றுட் பெரும்பாலானவை இன்றைய கருவிகளில் நடைமுறையாகிவிட்டன. அவர் கூறிய காலத்தில் அவற்றைப் பொருட்படுத்தியோர் சிலரே. சுடாத நெருப்பை நெருப்பென நம்புதல் மனிதருக்கு எளிதன்று போலும்.

இனி நோயாளரின் ஐயத்திற்கு வருவோம். வாயினுள் எடுக்கும் சிறு படமொன்றினால் நோயாளர் பெறும் கதிரளவு, தற்காலக் கருவியும் விரைவான பிலிமும் அல்லது மின்னுணரியும் பயன்படுமிடத்து, பொதுவாகச் சில மைக்கிறோ சீவேட் மட்டுமே. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் இயற்கையாகவே ஒருவர் பெறும் கதிரின் உலகச் சராசரி ஆண்டொன்றுக்கு 2.4 மில்லி சீவேட். அதாவது நாளொன்றுக்கு ஆறு, ஏழு மைக்கிறோ சீவேட். ஆகவே ஒரு படம் ஏறத்தாழ ஒரு நாள் உயிர்வாழ்தலுக்குச் சமானம். நோயாளருக்கு அத்தகைய படம் ஆண்டில் ஒன்றோ இரண்டோ. உதவியாளரின் கணக்கு வேறு. நாளொன்றுக்குப் பத்துப் படம் எனக் கொண்டாலும், 250 வேலை நாட்களில் 2,500 படங்களாகின்றன. அவ்வளவு முறையும் அவர் அருகே நிற்பாராயின், சிறு துளி பெருவெள்ளமாகிவிடும். அவர் விலகிச் செல்வதன் காரணம் இதுவே.

எவ்வளவு தூரம் விலகுதல் வேண்டும்? தடுப்புச் சுவர் இருப்பின் அதன் பின்னே நிற்றலே சிறந்தது. இல்லாவிடத்து நோயாளரின் தலையிலிருந்து 2 மீற்றர், அதாவது ஏறக்குறைய ஆறடி விலகவேண்டும். கதிர் பாயும் திசைக்கு எதிரே நிற்றல் ஒருபோதும் ஆகாது. பக்கமாகவோ, பக்கத்திற்குச் சற்றுப் பின்னாகவோ நிற்றல் வேண்டும். தூரம் இரு மடங்கானாற் கதிரின் செறிவு நாலிலொன்றாகும், மும்மடங்கானால் ஒன்பதிலொன்றாகும். காசு செலவில்லாத காவல் இதனின் வேறில்லை.

எனினும் கதிரைக் குறைக்கும் வழிகளுள் தலையாயது, படத்தை முதல் முறையிலேயே பிழையின்றி எடுத்தலாகும். பிழைபட்ட படம் மீண்டும் எடுக்கப்படும்போது கதிர் இரட்டிக்கின்றது, பயனோ ஒன்றுதான். இங்குதான் உதவியாளரின் கைத்திறன் வெளிப்படுகின்றது. பனைமரத்தின் நிழலை நேயர்கள் அறிவர். காலையிலே சூரியன் தாழ்ந்திருக்க நிழல் நீண்டு கிடக்கும். உச்சி வேளையிற் காலடியிற் குறுகிப்போகும். மரம் மாறவில்லை, ஒளி வரும் கோணமே மாறிற்று. பல்லின் படமும் ஒரு நிழலே. கதிர்க்குழாயை மிகத் தாழ்வாகச் சாய்த்தாற் பல் நீண்டு தோன்றும். மிகச் செங்குத்தாகச் சாய்த்தாற் குறுகித் தோன்றும். இடவலமாகக் கோணம் பிழைத்தால், அடுத்தடுத்த பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இடுக்கிலுள்ள சொத்தையை மறைத்துவிடும். பல்லுக்கும் பிலிமுக்கும் இடையேயுள்ள கோணத்தை இரு சமபாகமாக்கும் கோட்டிற்குக் கதிர் செங்குத்தாக விழவேண்டும் என்னும் விதியை 1907ஆம் ஆண்டளவில் வகுத்தவர் போலந்து நாட்டவரான சியெஷின்ஸ்கி. (1941ஆம் ஆண்டிலே லுவோவ் நகரில் நாசிகள் சுட்டுக்கொன்ற பேராசிரியர்களுள் அவரும் ஒருவர்.) இன்று பெரிதும் விரும்பப்படுவது வேறொரு முறை. பிலிமைப் பல்லுக்குச் சமாந்தரமாக ஒரு தாங்கியிற் பொருத்தி, நோயாளரைக் கடித்துக்கொள்ளச் செய்து, தாங்கியின் வெளி வளையத்திற்கு நேரே குழாயை வைத்தல் அம்முறை. கோணத்தைக் கண்மதிப்பாற் கணிக்க வேண்டியதில்லை. பிலிமை விரலாற் பிடிக்கவேண்டிய தேவையும் ஒழிகின்றது.

பிலிமின் உறையிலே ஒரு புறத்தில் மெல்லிய ஈயத்தாள் உண்டு. அப்புறம் குழாயை நோக்கிவிட்டாற் படம் வெளிறி, ஈயத்தாளின் வரிகள் மீன்முள் போலப் பதியும். குழாயின் வாய் பிலிமை முற்றாக மூடாவிடிற் படத்தின் ஒரு பகுதி வெறுமையாகும். குழாய்வாயின் வடிவமும் கவனிக்கத்தக்கது. 7 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்ட வாயின் பரப்பு, பெரியோருக்குரிய பிலிமின் பரப்பைப் போல் மும்மடங்கு. எஞ்சிய இருபங்கு கதிரும் படத்திற்கு உதவாது முகத்திலே வீணாகின்றது. செவ்வக வாய் பொருத்தின் அவ்வீண் பெரிதும் நீங்கும்.

பிலிமை இருட்டறையிற் கழுவும் நிலையங்களில் இன்னொரு தீமை மறைவாக நிகழ்வதுண்டு. கழுவும் மருந்து நாட்பட்டு வலுக்குன்றினாற் படம் மங்கும். மருந்தை மாற்றுவதை விட்டுச் சிலர் கதிர் பாயும் நேரத்தைக் கூட்டிவிடுகின்றனர். படம் தெளிந்துவிடும், ஆயின் மருந்தின் விலையை நோயாளரின் உடல் கொடுக்கின்றது. இது அறியாமையாற் செய்வதாயினும் மன்னிக்கத்தக்கதன்று.

மிகக் கடினமான சோதனை குழந்தைகளாலே வருகின்றது. அழுகின்ற குழந்தை தாங்கியைக் கடிக்க மறுக்கும்; பிலிமை நாவாலே தள்ளும். வெளியே பலர் காத்திருப்பர். அத்தருணத்தில் இரக்கமுள்ள உதவியாளருக்கு இயல்பாகத் தோன்றுவது, "ஒரு முறைதானே, பிடித்துவிடுவோம்" என்பது. அதைச் செய்யலாகாது. பிலிமையோ, குழந்தையின் தலையையோ, ஆடும் குழாயையோ உதவியாளர் பிடித்தல் கூடாது. படம் இன்றே வேண்டுமா என வைத்தியர் முதலில் எண்ணிப்பார்க்கலாம். வேண்டுமாயின் தாயோ தந்தையோ ஈய அங்கி அணிந்து, கதிர் நேரே படாதவாறு பிடிக்கலாம். பெற்றோருக்கு அஃது அன்றைக்கு ஒரு முறை. உதவியாளருக்கோ அழும் குழந்தை நாளையும் வரும். நாளை மறுநாளும் வரும்.

தொழில் புரிவோருக்குச் சர்வதேச கதிர்ப்பாதுகாப்பு ஆணைக்குழு விதந்துரைத்த எல்லை, ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லி சீவேட். விதிப்படி நிற்கும் பல் வைத்திய உதவியாளர் இவ்வெல்லையின் அருகேயும் செல்வதில்லை. மார்பில் அணியும் கதிரளவு வில்லை அதனைக் காட்டும். மேசை இழாச்சியிற் கிடக்கும் வில்லை எதனையுங் காட்டாது. கருவுற்ற உதவியாளர் அதனைக் காலந்தாழ்த்தாது அறிவித்தல் நன்று. அறிவித்தபின் கருவுக்குரிய எல்லை 1 மில்லி சீவேட் மட்டுமே. இலங்கையிலே 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின்படி எக்ஸ் கதிர்க் கருவிகள் அனுமதிப்பத்திரத்திற்கும் பரிசோதனைக்கும் உட்பட்டவை.

நோயாளர் அணியும் ஈய அங்கியைப் பற்றி அண்மையிற் கருத்து மாறியுள்ளது. கதிரின் அளவு மிகச் சிறிதாகிவிட்டமையாலும், கழுத்துப்பட்டி சிலவேளை கதிரை மறித்துப் படத்தைக் கெடுப்பதாலும், நோயாளருக்கு அங்கியும் கழுத்துப்பட்டியும் வழக்கமாக அணிவிக்க வேண்டியதில்லையென அமெரிக்கப் பல் வைத்தியச் சங்கம் 2024ஆம் ஆண்டில் விதந்துரைத்தது. எல்லா நாடுகளிலும் விதி ஒன்றாகவில்லை. அந்தந்த நாட்டு விதியையே பின்பற்றல் வேண்டும். அங்கியைப் பயன்படுத்தும் நிலையங்களில் அதனை மடித்து அடுக்காது, நீண்ட கோலிலே தொங்கவிடுதல் வேண்டும்; மடிப்பில் ஈயம் வெடித்து, வெளியே தெரியாத இடுக்கின்வழிக் கதிர் புகும்.